மூன்றாவது டிராக்குக்காகவே வாங்கலாம்

டீப் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசை என்றாலே 1980களின் சிகாகோவில் இசைக்கலைஞர் லாரி ஹெர்ட் ஜூனோ-60 சிந்தசைசரில் எழுப்பிய அந்த மெத்தென்ற பேஸ், அதாவது அடித்தள ஒலிதான் எனக்கு. நான்கு டிராக்குகள் கொண்ட இந்தப் புதிய இசைத்தட்டும் அந்த வழியில் வந்ததுதான். முதல் இரண்டும் பரவாயில்லை, அவ்வளவே. மூன்றாவதில்தான் இதை உருவாக்கிய ஆள் விழித்துக்கொள்கிறார். நிமிடத்துக்கு 120 துடிப்பு; கிக் டிரம்மின் கனத்த அடி மாறாமல் நடக்க, மைனர் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு தாமதித்து விழுகிறது. நான்காம் நிமிடத்தில் பேஸ் சட்டென்று விலக, ஹை-ஹேட் தட்டுகளின் ஓசை மட்டும் தூறல்போல மிஞ்சுகிறது. அந்த இடத்தை ஐந்தாறு முறை திரும்பக் கேட்டேன். கடைசி டிராக்கில் பெண்குரல் எதற்கென்றே புரியவில்லை. இசை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுகிறது. கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். பேஸ் பாதி காணாமல் போயிருக்கும்.