முற்றத்து வெளிச்சமும் ஒரு 50 மி.மீ. லென்ஸும்: ஆறு ஆண்டு அனுபவம்

முழு ஃப்ரேமைவிட 1.5 மடங்கு சிறிய, க்ராப் சென்சார் கொண்ட என் பழைய கேமராவில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் ஒன்றைப் பொருத்தி, கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நாகஸ்வர, தவில் கலைஞர்களை அவரவர் வீட்டிலேயே ஃப்ளாஷ் இல்லாமல் படமெடுத்து வருகிறேன். முழு ஃப்ரேம் கேமராவில் 75 மி.மீ. லென்ஸுக்குரிய கோணம் கிடைப்பதால் முகம் இயல்பு மாறாமல் பதிகிறது. விலைக்கு இது தாராளம்.

முதல் ஓராண்டு எல்லாப் படங்களையும் லென்ஸின் துளையை முழுதாகத் திறந்து 1.8-இலேயே எடுத்தேன். பெரியவர் ஒருவரிடம் பிரின்ட் கொடுத்தபோது, "மூஞ்சி நல்லாத்தான் இருக்கு தம்பி, அணசைக் காணோமே" என்றார். அணசு என்பது நாகஸ்வரத்தின் அடியில் விரிந்திருக்கும் வாய்ப்பகுதி. இரண்டு மீட்டர் தூரத்தில் அந்தத் துளையளவில் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 12 செ.மீ. மட்டுமே, கண்ணில் ஃபோகஸ் வைத்தால், முன்னால் நீளும் பாரி (நீள வகை) நாகஸ்வரத்தின் அடிப்பகுதி வெறும் மங்கலாகிவிடும். இப்போது துளையைச் சுருக்கி 4 அல்லது 5.6-இல் எடுக்கிறேன், வாத்தியத்தையும் கேமராவை நோக்கி நீட்டாமல், சற்றுப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கச் சொல்கிறேன்.

வெளிச்சத்துக்கு நான் நம்புவது பழைய வீடுகளின் முற்றத்தைத்தான். வெயில் உள்ளே இறங்குவதற்கு முன், காலை எட்டு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் போதும். முற்றத்தின் நடுவே உட்கார வைத்தால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கண்குழிகள் இருண்டுவிடும் என்பதால், தாழ்வாரத்தில் இரண்டு முழம் உள்ளே தள்ளி, பக்கவாட்டாக உட்கார வைக்கிறேன். மடியில் விரிந்திருக்கும் வெள்ளை வேட்டியே ரிஃப்ளெக்டராகி முகவாயின் அடிநிழலைக் குறைக்கிறது. சிவப்பு சிமென்ட் தரையானால் அந்த நிறம் கழுத்தில் ஏறும். பாய் விரித்துவிட வேண்டும். நாகஸ்வரம் செய்யும் ஆச்சா மரம் காலப்போக்கில் கறுத்துவிடுவதால், நேரெதிர் வெளிச்சத்தில் நாகஸ்வரம் ஒரு கரிய கோடாகத்தான் தெரியும். பக்கவாட்டு வெளிச்சம் அதன் உடலோடு ஓடினால்தான் விரல் துளைகளும், கைபட்டு ஏறிய மினுமினுப்பும் புலப்படுகின்றன. நெற்றி விபூதியும் வெள்ளை ஜிப்பாவும் வெளுத்துப் போகாதிருக்க, எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (வெளிச்ச அளவின் படி) குறைத்து, RAW கோப்பாக எடுக்கிறேன்.

வாசிக்கும்போது கன்னம் உப்புவதால், அந்த நேரத்துப் படங்களைப் பெரும்பாலான கலைஞர்கள் விரும்புவதில்லை. வாசிப்பை நிறுத்திவிட்டு, நூலில் தொங்கும் உதிரிச் சீவாளிகளில் (வாயில் வைத்து ஊதும் பகுதி) ஒன்றை எடுத்து உதட்டில் நனைத்துப் பார்க்கும் அந்தச் சில நொடிகளில்தான் எனக்குப் பிடித்த படங்கள் கிடைத்திருக்கின்றன. 1/250 வேகம் அதற்குப் போதுமானது. ஆனால் தாழ்வாரத்தின் மங்கலில் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலைந்து, இரண்டு மூன்று தடவை அந்த நொடியைத் தவறவிட்டிருக்கிறேன்.

தவில் கலைஞர்களிடம் இந்த லென்ஸ் தோற்றுப்போகிறது. வலது கை விரல்களில் மாட்டிய கூடுகளிலிருந்து (விரலுறைகள்) தவிலின் இடப்புற முகமான தொப்பிவரை முழுதாக அடக்குவதற்குத் திண்ணையில் பின்வாங்க இடம் இருப்பதில்லை. இன்னும் அகலமாக அடக்கும் 35 மி.மீ. லென்ஸ் வாங்கும்வரை, முற்றத்தைத் தாண்டி எதிர்த் தாழ்வாரத்தில் நின்றுதான் அவர்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.