விலகி நிற்கும் டைல்கள்: உலாவியில் தள்ளுவதா, ஒற்றைப் படமா, மறுபடி வெட்டுவதா?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட வரைபடத்தை ஸ்கேன் செய்து, டைல்கள் எனும் சிறு சதுரத் துண்டுகளாக வெட்டி இணைய வரைபடத்தில் ஏற்றினால் தொழிலாளர் லயமும் கோயிலும் ரப்பர் பால் ஸ்டோரும் தத்தம் இடத்தில் வந்து உட்கார வேண்டும். பல நேரம் உட்காருவதில்லை. கோயில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது, தமிழ்ப்பள்ளி செம்பனைக் காட்டுக்குள் நிற்கிறது. இதைச் சரிசெய்ய மூன்று வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை விலகலின் குணம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் ஒரு சோதனை. ஜூம் 17, 18 இரண்டிலும் ஒரே இடத்தின் விலகலை லீஃப்லெட்டில் (உலாவியில் வரைபடம் காட்டும் நிரல் நூலகம்) மீட்டர் கணக்கில் அளந்து பாருங்கள். பழைய மலாயா வரைபடங்களின் ஆதாரமான கெர்தாவ் முறையின் அட்ச, தீர்க்க ரேகைகளை, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்று நினைத்து அப்படியே கொடுத்திருந்தால், பேராக் பகுதியில் படம் கிழக்கே சுமார் 150 மீட்டர் தள்ளி விழும். ஜூம் 18-இல் 256 பிக்சல் டைல் ஒன்றின் அகலமும் ஏறத்தாழ அதே 150 மீட்டர். அதனால் 'ஒரு டைல் தள்ளியிருக்கிறது' என்று எண் மாற்றி ஏமாறுவது மிகச் சுலபம். இப்படி ஆதாரமுறை மாறிய கோளாறு என்றால் எந்த ஜூமிலும் அதே 150 மீட்டர்தான் இருக்கும். டைல் எண் ஒன்று பிசகியிருந்தால் ஜூம் 17-இல் 300, 18-இல் 150, 19-இல் 75 என்று பாதி பாதியாகக் குறையும்.

படமே தெரியாமல் போனால் வேறு கதை. ஜூம் 16-இல் சுங்கை சிப்புட் டவுன் இருப்பது, டைல் வரிசையை மேலிருந்து எண்ணும் வழக்கமான எக்ஸ்ஒய்இசட் முறையில், ஒய் 31889 அளவில். கீழிருந்து எண்ணும் டிஎம்எஸ் கணக்கில் அதே வரிசை 33646. இரண்டையும் கூட்டினால் 65535. இந்தத் தலைகீழ் எண்ணில் தேடுகிறவர் சுமாத்ராவுக்கு மேற்கே இந்தியப் பெருங்கடலில் போய் நிற்பார். லீஃப்லெட்டில் டிஎம்எஸ் என்ற தேர்வை இயக்கினால் இந்தக் கோளாறு தீர்ந்தது. உலாவியில் செய்யத் தகுந்த திருத்தம் இது ஒன்றுதான் என்பது எங்கள் கருத்து.

ஏனென்றால் முதல் வழி, அதாவது டைல் அடுக்கை ஸ்கிரிப்ட்டாலோ சிஎஸ்எஸ்ஸாலோ இத்தனை பிக்சல் நகர்த்துவது, ஒரு ஜூமில் மட்டும் பொருந்தும். அடுத்த ஜூமுக்குப் போனதும் பிக்சலின் மீட்டர் மதிப்பு மாறுகிறது, மறுபடி விலகல். சாய்வு, இழுவை இருந்தால் அதுவும் கைகொடுக்காது. நாளைக்குக் கூட்டம், இன்றைக்கே காட்ட வேண்டும் என்றால் செய்யலாம். அதற்குமேல் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, டைலே வேண்டாம் என்று முழுப் படத்தையும் ஒரே அடுக்காகப் போடுவது. ஒரு கிலோமீட்டர் சதுரத் தோட்டப் பிரிவு ஒன்று, 30 சென்டிமீட்டர் பிக்சலில், பக்கத்துக்குச் சுமார் 3,330 பிக்சல். 4,096-ஐத் தாண்டாத வரை பழைய கைப்பேசியும் தாங்கும். சின்ன டிவிஷனுக்கு இது நல்ல வழி, டைல் எண் தகராறே கிடையாது. ஐந்து கிலோமீட்டர் தோட்டத்துக்கு இதைச் செய்தால் கைப்பேசி திணறும். லீஃப்லெட்டில் இரண்டு மூலைகள்தான் கொடுக்க முடியும், படம் சாய்ந்திருந்தால் நிமிராது. அதே போன்ற இன்னொரு நூலகமான மேப்லிப்ரேயில் நான்கு மூலைகளும் தரலாம். மேல் இடது தொடங்கி வலஞ்சுழியாகத் தர வேண்டும், வரிசை பிசகினால் படம் முறுக்கிக்கொள்ளும்.

மூன்றாவது, மூலத்தையே நேராக்கி மறுபடி வெட்டுவது. நேரம் பிடிக்கும், ஆனாலும் பெரிய தோட்டத்துக்கு இதைத்தான் சொல்வோம். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளின் ஜியோரெஃபரென்சரில் எட்டுப் பத்துக் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (தாளிலும் நிலத்திலும் ஒரே இடம் என்று உறுதியாகத் தெரிந்தவை) வையுங்கள். படத்தை நேராக்கும் கணக்குகளில் ஒன்றாம் படி பாலினோமியலுக்கு மூன்று போதும், வளைவையும் திருத்தும் இரண்டாம் படிக்கு ஆறு வேண்டும். ஆனால் குறைந்தபட்சத்தோடு நிறுத்தினால் பிழை எண் பூச்சியம் காட்டும், அது எதையும் நிரூபிக்காது. ஒவ்வொரு புள்ளியிலும் படத்தை இழுத்துப் பொருத்தும் தின் பிளேட் ஸ்ப்லைனும் அப்படித்தான், எத்தனை புள்ளி வைத்தாலும் பூச்சியமே. மடிப்பு விழுந்து தாள் சுருங்கிய வரைபடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் புள்ளி குத்துவது என்பதில்தான் வேலையின் தரம் இருக்கிறது. ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடம், பழைய பாலம், இடம் மாறாத கோயிலின் மூலை: இவை நம்பலாம். ஆற்றின் வளைவு நம்பத் தகாது, அது நகரும். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது உள் சாலைகளும் மாறியிருக்கும். ஐந்தாறு புள்ளிகளை ஒரு மூலையில் குவித்தால் எதிர்மூலை பறந்துவிடும். நான்கு ஓரங்களிலும் நடுவிலும் பரப்புங்கள். பழைய தாளில் அளவுகோல் சங்கிலியில் இருந்தால் ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20.1168 மீட்டர்.

தாளில் ஆர்எஸ்ஓ கட்டம் (மலேசிய நில அளவையின் மீட்டர் கட்டம்) அச்சாகியிருந்தால் கட்டச் சந்திப்புகளையே புள்ளியாக்கலாம். பழைய கெர்தாவ் மீட்டர் கட்டத்துக்கு இபிஎஸ்ஜி (ஆயமுறைகளின் குறியீட்டு எண்) 3168, புதிய ஜிடிஎம்2000 கட்டத்துக்கு 3375. இரண்டையும் குழப்பினால் மொத்தப் படமும் நகரும்.

பிறகு இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் இபிஎஸ்ஜி 3857-க்கு மாற்றுங்கள். மெல்லிய எல்லைக் கோடுகள் அறுந்துபோகாமல் இருக்க, பிக்சல்களை மறுபடி கணக்கிடும் முறையில் 'நியரெஸ்ட்' வேண்டாம், 'கியூபிக்' போடுங்கள். வெட்டும் வேலையை ஜிடால் தொகுப்பின் gdal2tiles கருவியிடம் விடுங்கள். போட்டோ மென்பொருளில் 256, 256 ஆக வெட்டினால் படத்தின் மூலை டைல் கட்டத்தின் கோட்டில் விழாது, விலகல் அங்கேயே பிறந்துவிடுகிறது. ஜிடால் 3.1 முதல் எக்ஸ்ஒய்இசட் எண்முறை தேர்வாகக் கிடைக்கிறது. சும்மா விட்டால் டிஎம்எஸ்தான் வரும்.

புதிய டைல்களைப் பழைய கோப்புறையிலேயே கொட்டாதீர்கள். உலாவி சேமித்து வைத்த பழைய டைலும் புதிதும் கலந்து, சரியான வேலையே தப்பாகத் தெரியும். கோப்புறைப் பெயரை மாற்றினால் போதும்.