செக்யூரிட்டி செக்கில் எந்த உடுப்பு தேறும்? ஷூ, பெல்ட், முண்டு, சேலை: ஒரு மதிப்பீடு

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் சுமார் 70 கிலோமீட்டர். தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாலராமபுரம் என்று நெரிசல் ஊர்களாகவே தாண்டிப் போக வேண்டியிருப்பதால், அந்த 70 கிலோமீட்டருக்குக் காரிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். உடுத்திப் போவது அவ்வளவு நேரம் உட்கார்ந்து வரவும் தோதாக இருக்க வேண்டும், சோதனை வாசலில் கழற்றி மாட்டவும் எளிதாக இருக்க வேண்டும். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் உடுப்புகளையும் செருப்பு வகைகளையும் இந்த இரண்டாவது கணக்கை மட்டும் வைத்து இங்கே எடைபோடுகிறோம். அழகும் விலையும் அவரவர் பாடு.

உடம்பில் ஒரு பொட்டு உலோகம்கூட இல்லாமல் போனால் தொடாமல் விட்டுவிடுவார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். இந்திய விமான நிலையங்களில் அப்படி நடக்காது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரர்கள் வாசல் போன்ற மெட்டல் டிடெக்டர் வழியாக அனுப்பிவிட்டு, அது கத்தினாலும் கத்தாவிட்டாலும் ஆளைச் சின்ன மேடையில் நிறுத்திக் கைக்கருவியால் தடவித்தான் விடுவார்கள். பெண்களுக்குத் திரை போட்ட தடுப்பும் பெண் காவலரும் உண்டு. எனவே சத்தமே வராத உடுப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. கருவி ஓரிடத்தில் கத்தும்போது, அங்கே என்ன இருக்கிறது என்று உடனே காட்ட முடிகிற உடுப்புதான் வேண்டும். வரிசை தேங்கி நிற்பது பெரும்பாலும் வாசலிலும் இல்லை, ட்ரே வைக்கும் இடத்தில். பெல்ட்டை உருவ முடியாமல் ஒருவர், பாக்கெட் பாக்கெட்டாகச் சில்லறை துழாவிக்கொண்டு இன்னொருவர் நிற்பார்கள்.

கருவி வேலை செய்யும் விதம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். டிடெக்டரின் சுருளில் மின்காந்தப் புலம் மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் மின்சாரம் கடத்தும் உலோகம் வந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகும், கருவி அதைத்தான் பிடிக்கிறது. இரும்பு மட்டுமல்ல, பித்தளை, அலுமினியம், வெள்ளி, தங்கம் எல்லாமே சிக்கும். வீட்டில் காந்தத்தை வைத்துப் பார்த்து "ஒட்டவில்லை, அப்போ சரி" என்று கிளம்புவது அரைகுறைச் சோதனை. பித்தளை பக்கிள் காந்தத்தில் ஒட்டாது. 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அநேகமாக ஒட்டாது. இரண்டும் கருவியில் கத்தும். ஷூவுக்குள் ஒளிந்திருக்கும் இரும்பைக் கண்டுபிடிக்க மட்டும் காந்தம் உதவும்.

அந்த ஷூவில்தான் மாவட்டத்து ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெட்டியில் எடை மிச்சம் பிடிக்க சேஃப்டி ஷூவைக் காலிலேயே மாட்டிக்கொண்டு போவது வழக்கம். ஜோடி ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் கணக்கென்னவோ சரிதான். ஆனால் முன்பக்கம் இருப்பது 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டிய தொப்பி. அது ஸ்டீல் என்றால் தப்பவே முடியாது. ஷூவைக் கழற்றி எக்ஸ்ரேயில் போடச் சொல்வார்கள், கணுக்காலுக்கு மேல் வரும் பூட்ஸில் லேஸைத் தளர்த்தி மறுபடி கட்டுவதற்குள் பின்னால் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். "காம்போசிட் டோ" என்று போட்டிருந்தால் தொப்பி உலோகமில்லை. அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: ஆணி குத்தாமல் இருக்க அடியில் வைக்கும் தகடு தனிச் சமாச்சாரம். தொப்பி காம்போசிட்டாக இருந்து தகடு மட்டும் ஸ்டீலாக இருக்கும் ஷூவும் விற்பனையில் உண்டு. வாங்கும்போது இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் கையில் ஒரு காந்தத்தோடு போய்க் குதிகாலுக்கு முன்னால் வைத்துப் பாருங்கள். எங்கள் தீர்ப்பு: சேஃப்டி ஷூ செக்-இன் பெட்டிக்குள் போகட்டும், அதற்காக வேறெதையாவது குறைத்துக்கொள்ளலாம்.

தோல் ஃபார்மல் ஷூவையும் நம்பக்கூடாது. பாதத்தின் வளைவு மடங்காமல் இருக்க, குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் நடுவே ஒரு ஸ்டீல் பட்டை வைப்பார்கள். வெளியே தெரியாது. எல்லா ஷூவிலும் இருக்காது, ஆனால் கனமாகவும் விறைப்பாகவும் இருப்பவற்றில் பெரும்பாலும் இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் தவிர வேறு யாரும் அதை மாட்டிக்கொண்டு கிளம்பத் தேவையில்லை. லேஸ் இல்லாமல் காலை நுழைத்தால் போதும் என்கிற துணி அல்லது ஸ்போர்ட்ஸ் வகை ஷூ எல்லா வகையிலும் முதலிடம். ரப்பர் செருப்பு கருவியில் தேறும், ஆனால் வெளிநாட்டு விமான நிலையத்தில் கழற்றச் சொன்னால் வெறுங்காலோடு தரையில் நிற்க வேண்டிவரும். சாக்ஸ் போடுங்கள். துபாய், தோஹா போன்ற இடங்களில் விமானம் மாறும்போது மறுபடியும் சோதனை உண்டு, ஷூவும் பெல்ட்டும் அங்கே கழற்ற வேண்டிவரலாம். அமெரிக்காவில் 2006 முதல் எல்லோரும் ஷூ கழற்ற வேண்டியிருந்த விதியை 2025 ஜூலையில் விலக்கிக்கொண்டார்கள். வாசல் கத்தினால் அங்கேயும் கழற்றத்தான் வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் கடுமையானது: போடாதீர்கள். பிளாஸ்டிக் கிளிப் வைத்த நைலான் பெல்ட்டுகள் கிடைக்கின்றன, கருவியில் சத்தம் வராது, உண்மைதான். ஆனால் பெல்ட்டைக் கழற்றி ட்ரேயில் போடு என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், "சார், இது பிளாஸ்டிக்" என்று விளக்கிக்கொண்டிருக்க அங்கே இடமில்லை. பெல்ட் இல்லாமலே இடுப்பில் நிற்கும் பேண்ட் வாங்குவது இதைவிட மேல். இடுப்பின் பின்பாதியில் எலாஸ்டிக் வைத்துத் தைத்த காட்டன் பேண்ட் போதும். உடல் ஸ்கேனர் இருக்கும் ஊர்களில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நிற்கச் சொல்வார்கள், தொளதொளத்த பேண்ட் அப்போது காலைவாரும். பெரியவர்கள் முண்டுக்கு மேல் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதில் பக்கிள் இரண்டோ மூன்றோ, பர்சுக்குப் பிரஸ் பட்டன், பர்சுக்குள் சில்லறை, சாவி, சில சமயம் மூக்குப்பொடி டப்பி. ஒரே பொருளில் இவ்வளவு உலோகத்தை வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு: மொத்தமாக அவிழ்த்து அப்படியே ட்ரேயில் வைத்துவிடலாம், துழாவல் கிடையாது. முண்டு அவிழாமல் கட்டத் தெரிந்தவருக்கு அது தேறும்.

ஜீன்ஸ் வாசலைத் தாண்டிவிடும், கைக்கருவி இடுப்புப் பட்டனிலும் பாக்கெட் மூலை ரிவெட்டிலும் கீச்சிடும். அது பழகிய இடம் என்பதால் காவலர் அதிகம் மெனக்கெட மாட்டார். கார்கோ பேண்ட் மோசம். குற்றம் துணியில் இல்லை, ஆறு பாக்கெட்டிலும் எதையாவது போட்டுக்கொள்கிற நம் பழக்கத்தில்தான். டிராக் பேண்ட் நல்லது, நாடா நுனியில் உலோகக் குப்பி இருந்தால் வெட்டிவிட்டு முடிச்சுப் போடுங்கள்.

முண்டு, வேட்டி பற்றிச் சந்தேகமே வேண்டாம், இந்தச் சோதனைக்கு அதைப் போல ஒத்துழைக்கும் உடுப்பு குறைவு. வேல்க்ரோ ஒட்டும் வேட்டியும் நைலான்தான், கத்தாது. வரிசையில் நிற்கும்போது மடித்துக் கட்டாமல் இறக்கி விட்டிருந்தால் போதும். கத்துவது வேட்டிக்கு உள்ளே இருக்கும் வெள்ளி அரைஞாண்தான். திருகு வைத்ததை அங்கே கழற்ற முடியாது, கழற்றவும் வேண்டாம். "அரைஞாண்" என்று சொல்லி, சட்டையைச் சற்றே தூக்கிக் காட்டினால் விஷயம் முடிந்தது. கறுப்பு அல்லது சிவப்புக் கயிறு சத்தமே போடாது, அதில் கோத்த தாயத்து போடும். செபமாலையிலும் அப்படித்தான்: மர மணி பேசாது, சங்கிலியும் குருசும் பேசும். கழுத்தில் போடாமல் கைப்பைக்குள் வைத்தால் கேள்வி ஒன்று குறையும்.

பெண்கள் உடுப்பில் எங்கள் முதல் தேர்வு சுடிதார். பருத்தி நாடா, கல் பதிக்காத டாப், ஷால் தனியாக. கண்ணாடி பதித்ததும் மணி கோத்ததும் எவ்வளவோ பரவாயில்லை. உலோகக் கம்பிச் சுருள் வைத்துத் தைக்கும் ஜர்தோசி வேலைப்பாடு இருந்தால் நெஞ்சு முழுக்கக் கருவி கத்தும். சேலை கட்டினால் மோசம் என்பது தவறு, ஊக்குகள்தான் காரணம். தோளில் ஒன்று, கொசுவத்தில் ஒன்று, முந்தியில் இரண்டு என்று குத்திக்கொண்டால் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கீச்சு. தோளில் ஒன்றோடு நிறுத்துங்கள். கசவு (சரிகைக் கரை) முண்டும் அதன் மேல்துண்டான நேரியதும் உடுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: பொன் முலாம் பூசிய வெள்ளிச் சரிகையோ செம்புச் சரிகையோ உலோகம்தான். இழை மெல்லியது என்பதால் வாசல் பொருட்படுத்தாது, அகலக் கரையில் கைக்கருவியைத் தொட்டாற்போல் கொண்டுவந்தால் சத்தம் வரலாம். உலோகப் பூச்சுப் பூசிய பாலியெஸ்டர் சரிகைக்கு அந்தப் பயம் குறைவு.

உள்ளாடையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, கேட்கவும் கூச்சப்படுகிறார்கள். கம்பி வைத்த பிரா கைக்கருவியில் கட்டாயம் கத்தும், அதன் பிறகு தடுப்புக்குள் கையால் தொட்டுப் பார்ப்பார்கள். கம்பி இல்லாததைப் போட்டால் பின்கொக்கியில் வரும் சின்னச் சத்தத்தோடு போய்விடும். இந்தக் கட்டுரையில் பணத்தைச் செலவழிக்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். பர்தா, அபாயா போடுகிறவர்கள் பிரஸ் பட்டனுக்குப் பதில் நூல் பட்டன் வைத்ததைப் பார்க்கலாம். ஊக்குக்குப் பதிலாக வரும் காந்த பின்னும் உலோகமே. தலைத்துணியைச் சோதிக்க வேண்டிவந்தால் திரைக்குள் பெண் காவலரே சோதிக்கட்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

தாலியைக் கழற்றச் சொல்வது இங்கே வழக்கமில்லை. கை நிறைய வளையல் வேறு கதை: வெளிநாட்டில் கழற்றச் சொன்னால் சோப்பு இல்லாமல் இறங்காத வளையல் பெரிய தலைவலி. தங்கத்தைத் திறந்த ட்ரேயில் தனியாக வைக்காதீர்கள், வரிசைக்கு வரும் முன்பே கைப்பையின் உள்ஜிப்புக்குள் போகட்டும். கனமாக நகை போட்டு வெளிநாடு போய்த் திரும்புகிறவர்கள் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டால் திரும்பும்போது வாக்குவாதம் இருக்காது. தலையில் தோவாளைப் பிச்சிப்பூ தாராளமாக வைக்கலாம், நாரிலோ நூலிலோ கட்டியதாக இருக்கட்டும். கொண்டைக்குள் ஹேர்பின் ஏழெட்டு குத்தினால் அங்கே கை வைத்துப் பார்ப்பார்கள். பாட்டிமார் இடுப்பு மடியில் பாக்குவெட்டியும் சுண்ணாம்பு டப்பியும் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பாக்குவெட்டி பெட்டிக்குள் போக வேண்டியது. லைட்டரும் தீப்பெட்டியும் இந்தியாவில் உடம்பிலும் கூடாது, கைப்பையிலும் கூடாது. மடியில் மறந்துபோன பீடிக்கட்டோடு அவையும் வந்துவிடும்.

உடல் ஸ்கேனர் இருக்கும் நிலையங்களில் மேலே சொன்ன கணக்கு பாதி மாறும். மில்லிமீட்டர் அலை துணியைக் கடந்து தோலில் பட்டுத் திரும்பும், உலோகமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. தோலுக்கு மேல் என்ன இருந்தாலும் காட்டும். பாக்கெட்டில் மடித்த கைக்குட்டை, டிக்கெட் தாள், பிளாஸ்டிக் பக்கிள், இடுப்பில் திரண்ட துணி மடிப்பு, வியர்வையில் நனைந்த பனியன்கூட. அங்கே தேறுவது உடம்போடு சேர்ந்து நிற்கிற, மடிப்புக் குறைந்த, பாக்கெட் காலியான உடுப்பு. முண்டு இங்கே முதலிடத்தை இழக்கிறது.

முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களும் எலும்பில் தகடு வைத்தவர்களும் கருவி கத்தும் முன்பே சொல்லிவிட வேண்டும். தழும்பைக் காட்டும்படி காலை மேலே சுருட்ட முடிகிற அகலக் கால் பேண்ட் போடுங்கள், டைட் ஜீன்ஸ் வேண்டாம். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கைக்கருவியை நெஞ்சின் மேல் நிறுத்திவைக்காமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

குழந்தைக்குப் புறப்படும் அன்று வெள்ளி அரைஞாணையும் தண்டையையும் கழற்றிவிட்டு நூல் அரைஞாண் போதும். தோளில் கட்டும் தூக்குப்பையில் இருந்து குழந்தையை வெளியே எடுக்கச் சொல்வார்கள், பை தனியாக எக்ஸ்ரேயில் போகும். அதனால் ஒற்றைக் கையால் அவிழும் கிளிப் உள்ள பையாக வாங்குங்கள், முதுகில் முடிச்சுப் போடும் வகை அந்த நேரத்தில் உதவாது.