வீடு முழுவதற்குமான ஸ்மார்ட் ஹியூமிடிஃபையர்: ஆப்பைப் பார்த்து வாங்காதீர்கள், வடிகாலைப் பார்த்து வாங்குங்கள்

குளிர்காலத்தில் ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் உலை) ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே உதடு வெடிக்கும். கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று ஷாக் அடிக்கும். மரத்தரையில் பலகைகளுக்கு நடுவே கீற்றாக இடைவெளி தெரியும். ஃபர்னஸ்தான் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மைக் காரணம் வெளிக்காற்று. மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ இரண்டேகால் கிராம் நீராவியைத்தான் தாங்கும். 21 டிகிரியில் 18 கிராம் வரை தாங்கும். வெளியே பனிமூட்டமே இருந்தாலும், அந்தக் காற்று இடுக்கு வழியே உள்ளே நுழைந்து சூடானதும் அதன் ஈரப்பதம் 12 சதவீதம் அளவுக்குச் சரிந்துவிடும். அந்த ஈரத்தைக் காற்றில் திரும்பச் சேர்ப்பதுதான் ஹியூமிடிஃபையரின் வேலை.

எவ்வளவு தண்ணீர் தேவை என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடுவது நல்லது. 200 சதுர மீட்டர் வீடு, இரண்டரை மீட்டர் உயரம் என்றால் 500 கன மீட்டர் காற்று. மணிக்குப் பாதிக் காற்று வெளியேறிப் புதுக்காற்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 250 கன மீட்டருக்கும் தலா நாலரை கிராம் நீராவி சேர்த்தால்தான் உள்ளே 35 சதவீதம் நிற்கும். மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல், நாளுக்கு 27 லிட்டர். படுக்கை அருகே வைக்கும் நாலு லிட்டர் கருவியை ஒரே நாளில் ஏழு தடவை நிரப்ப வேண்டிவரும். சூடான காற்றை அறைகளுக்குக் கொண்டுபோகும் டக்டில் பொருத்தி, குழாயிலிருந்தே நீர் எடுத்துக்கொள்ளும் கருவிக்கு நியாயம் கிடைப்பது இந்த இடத்தில்தான். அதிர்வால் நீரை நுண்துளியாக்கும் அல்ட்ராசோனிக் கருவிகள் நீரிலுள்ள உப்பையும் சேர்த்துத் தெளிப்பதால் மேசையெல்லாம் வெள்ளைத் தூசி படியும்; நீரில் நனையும் பேட் வழியே ஆவியாக்கும் கருவியிலும் நீராவிக் கருவியிலும் அந்தத் தொல்லை இல்லை.

டக்டில் பொருத்தும் கருவிகளில் மூன்று வகை உண்டு. பைபாஸ் வகை, ஃபர்னஸின் சொந்த விசிறி தரும் காற்றழுத்த வித்தியாசத்தை வைத்தே காற்றை நனைந்த பேட் வழியே இழுக்கும். மலிவானது, அசையும் பாகம் குறைவு, ஆனால் சப்ளைக்கும் (சூடான காற்று போகும் டக்ட்) ரிட்டர்னுக்கும் (அறைக்காற்று திரும்பி வரும் டக்ட்) இடையே ஆறு அங்குலக் குழாய் ஒன்று போக இடம் வேண்டும். விசிறி வகைக்கு அந்தக் குழாய் வேண்டாம். நீராவி வகை தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியை டக்டுக்குள் விடும். ஏப்ரில்ஏர் நிறுவனத்தின் 600 பைபாஸ் வகை, 700 விசிறி வகை, 800 நீராவி வகை. இந்த மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தாலே சந்தையின் போக்கு புரிந்துவிடும்.

பெட்டியில் போட்டிருக்கும் கொள்ளளவை அப்படியே நம்பக்கூடாது. நாளுக்கு 17 கேலன், அதாவது 64 லிட்டர் என்று போட்டிருந்தால், டக்டில் 49 டிகிரிக் காற்று 24 மணி நேரமும் ஓடும்போது கிடைக்கும் அளவு அது. ஃபர்னஸ் நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரமே எரிந்தால் 21 லிட்டர்தான் வரும். மேலே கணக்குப் போட்ட வீட்டுக்கு அது பற்றாது. ஃபர்னஸுக்குப் பதில், வெளியிலுள்ள வெப்பத்தை உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் வைத்திருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். அதன் காற்று அவ்வளவு சூடாக இருக்காது. பேட் வகையையே வைக்க வேண்டுமானால் சுடுநீர்க் குழாயிலிருந்து இணைப்புக் கொடுங்கள். இல்லையென்றால் நீராவி வகைக்குப் போய்விடுங்கள்.

நீராவி வகையின் விலை மட்டும் செலவல்ல. ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க 0.7 யூனிட் மின்சாரம் போகும். நாளுக்கு 25 லிட்டர் என்றால் 18 யூனிட்டை நெருங்கும். பேட் வகையும் இலவசமாக வேலை செய்வதில்லை. கிட்டத்தட்ட அதே வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது, அதை ஃபர்னஸ் எரித்து ஈடுகட்டுகிறது. "ஈரப்பதம் கூடினால் சூடேற்றும் செலவு குறையும்" என்ற விளம்பர வாசகம் பாதி உண்மை. உடம்புக்கு இதமாக இருக்கும். பில் குறையும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். எலக்ட்ரோடு வகை நீராவிக் கருவி, நீர் வழியாக மின்சாரம் பாய்ந்தால்தான் கொதிக்கும். உப்பு நீக்கிய ஆர்ஓ நீர் கொடுத்தால் அது சும்மாவே இருக்கும்.

சரி, 'ஸ்மார்ட்' என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு? ஒரே ஒரு விஷயத்தில் அது முழுக் காசும் பெறும்: வெளியே குளிர் கூடும்போது உள்ளே ஈரப்பதத்தைத் தானாகக் குறைப்பது. 21 டிகிரி அறையில் ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் 7 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் நீர்த்துளி பூக்கும். வெளியே மைனஸ் 10 என்றால் ஒற்றைக் கண்ணாடியின் உட்பரப்பு உறைநிலைக்கும் கீழே போய்விடும். இரட்டைக் கண்ணாடியின் நடுப்பகுதி 10 டிகிரியை ஒட்டி நிற்கும், ஓரங்கள் இன்னும் குளிரும். பரவலாகக் கையாளப்படும் அளவு இது: வெளியே 4 டிகிரிக்கு மேல் 45 சதவீதம், மைனஸ் 7-இல் 35, மைனஸ் 12-இல் 30, மைனஸ் 18-இல் 25, மைனஸ் 29-இல் 15. ஈரப்பதத்தை அமைக்கும் சாதாரண குமிழைத் திருப்பி இதைத் தினமும் பின்தொடர யாராலும் முடியாது. ஜன்னலில் வழியும் நீராவது கண்ணுக்குத் தெரியும். கூரைக்கு அடியில் பலகை நனைவது தெரியாது, பூஞ்சை கறுத்த பிறகுதான் தெரியும்.

இதைச் செய்ய இரண்டு வழி. ஈகோபீ போன்ற ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டுகள் (வீட்டு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் சுவர்க்கருவிகள்) இணையத்தில் வரும் வானிலையைப் பார்த்து முடிவெடுக்கும். ஜன்னலின் தரத்துக்கு ஏற்ப அளவை மாற்றவும் அமைப்பு இருக்கிறது. இன்னொரு வழி, வெளிச்சுவரில் வயரோடு பொருத்தும் வெப்ப சென்சார். வைஃபை போனாலும் அது வேலை செய்யும், ஊர் வானிலையை அல்ல, உங்கள் சுவருக்கு வெளியே உள்ள குளிரையே அளக்கும். இரண்டில் ஒன்றுதான் கைக்கு எட்டும் என்றால் வயர் சென்சாரையே எடுங்கள். வெயில் படாத பக்கத்தில், ஃபர்னஸ் புகைக்குழாயிலிருந்து தள்ளி அதைப் பொருத்த வேண்டும்.

வயரிங்கில்தான் அதிகம் தவறு நடக்கிறது. தண்ணீர் திறக்கும் சோலெனாய்டு வால்வ் 24 வோல்ட் ஏசியில் இயங்கும். தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்சாக இணைப்பை மூடித் திறக்க வேண்டுமா, அல்லது தானே மின்சாரம் தர வேண்டுமா என்று அமைப்பில் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் ஃபர்னஸ் போர்டில் உள்ள ஃபியூஸ் போய்விடும். அது போனால் வீடே சூடாகாது. வேலை தொடங்கும் முன் பவரை நிறுத்துவது மிக அவசியம். பழைய ஹியூமிடிஸ்டாட்டை, அதாவது ஈரப்பதத்தை அமைக்கும் குமிழை, கழற்றாமல் ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைச் சேர்ப்பது இன்னொரு தவறு. இரண்டும் தொடரில் இருந்தால், இரண்டும் "சரி" சொன்னால்தான் தண்ணீர் வரும். ஆப் 40 கேட்டுக்கொண்டே இருக்கும், அடித்தளத்தில் பழைய குமிழ் 25-இல் நின்று தடுத்துக்கொண்டிருக்கும்.

ஆப் காட்டும் எண்ணையும் சோதித்துப் பாருங்கள். இந்த சென்சார்கள் 3 முதல் 5 சதவீதம் வரை மாறிக் காட்டுவது சகஜம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈரமணல் போல ஆகும் வரை சொட்டுச் சொட்டாக நீர் விடுங்கள், கரைந்து ஓடக்கூடாது. அதையும் ஒரு சிறு கையடக்க ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பையில் வைத்து, அறை வெப்பத்தில் 12 மணி நேரம் விடுங்கள். மானி 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் 4 குறைவாகக் காட்டுகிறது என்று அர்த்தம். சரிபார்த்த அந்த மானியைத் தெர்மோஸ்டாட் அருகே ஒரு நாள் வைத்து ஒப்பிட்டால் போதும். தெர்மோஸ்டாட் குளிர்ந்த வெளிச்சுவரில் இருந்தால் ஈரப்பதத்தைக் கூட்டிக் காட்டும், சொந்தச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தால் குறைத்துக் காட்டும்.

இனி பேட். பருவத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கடின நீர் என்றால் இரு முறை. ஆப் தரும் நினைவூட்டல் நாட்களை எண்ணுகிறதா, ஓடிய மணிநேரத்தை எண்ணுகிறதா என்று பாருங்கள், மணிநேரக் கணக்குதான் பயன்படும். பவரை நிறுத்தி, தண்ணீரை மூடி, மூடியைக் கழற்றிச் சட்டத்தை வெளியே இழுங்கள். பழைய பேட் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளையாக இறுகி, தட்டினால் பொருபொருவென்று உதிரும். மேலே உள்ள நீர்ப்பகிர்வுத் தட்டை வினிகரும் நீரும் சமமாகக் கலந்து அரைமணி ஊறவைத்து, ஓரத்தில் உள்ள சிறு வெட்டுகளைப் பல்குச்சியால் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள். ஒரு வெட்டு அடைத்தாலும் பேட்டின் அந்தப் பட்டை காய்ந்தே கிடக்கும். புது பேட்டில் சாய அடையாளம் இருக்கும் பக்கம் மேலே வர வேண்டும். பிறகு ஓடவிட்டு, வடிகால் குழாயின் நுனியில் டம்ளரைப் பிடியுங்கள். மணிக்கு 11 லிட்டர் எடுக்கும் கருவியில் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 மில்லி சேரும். இதையும் சேர்த்துத்தான் தண்ணீர் பில் வரும். உள்ளே விழும் நீரில் பெரும்பகுதி உப்பை அடித்துக்கொண்டு வடிகாலுக்கே போகிறது. அப்படிப் போவதால்தான் கருவி சுத்தமாக இருக்கிறது.

டம்ளரில் சொட்டு கூட விழாவிட்டால், ஈரப்பதத்தைக் கூட்டிக் கேட்டு 'டக்' என்ற சத்தம் வருகிறதா என்று பாருங்கள். சத்தம் இல்லையென்றால் வால்வ் முனைகளில் மல்டிமீட்டர் வையுங்கள்: 24 வோல்ட் வந்தும் அசையாவிட்டால் வால்வ் போய்விட்டது, வோல்ட்டே வராவிட்டால் கோளாறு வயரிலோ தெர்மோஸ்டாட்டிலோ இருக்கிறது. சத்தம் கேட்டும் நீர் வராவிட்டால் ஊசித்துளை வடிகட்டி அடைத்திருக்கும், அல்லது குழாயைக் குத்திப் பொருத்தும் சேடில் வால்வ் அடைத்திருக்கும். சேடில் வால்வை முதலிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது அடைக்கும், வருடங்கள் கழித்துக் கசியவும் செய்யும். டி இணைப்பும் முழுதாக மூடும் பந்து வால்வும் போடச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் விட ஆபத்தானது வடிகால் அடைப்பு. கருவி ஃபர்னஸுக்கு மேல் இருந்தால் வழியும் நீர் நேராக உள்ளே சொட்டும். வெப்பப் பரிமாற்றி துருப்பிடிக்கும், போர்டு கெடும். குழாய் வளைந்து தொங்காமல் தொடர்ச்சியாகச் சரிவாக இறங்க வேண்டும். கீழே நீர்க்கசிவு சென்சார் ஒன்று வையுங்கள். ஸ்மார்ட் என்ற பெயரில் செலவழிக்கும் காசில் இதற்குத்தான் முதலிடம்.

கோடை வந்ததும் பந்து வால்வை மூடி, பைபாஸ் குழாயை மூடும் தகடான டேம்பரைக் கோடை நிலைக்குத் திருப்பி, பழைய பேட்டை எடுத்து எறிந்துவிடுங்கள். டேம்பரைத் திறந்தே விட்டால் ஏசியின் குளிர்காற்று அறைகளுக்குப் போகாமல் அந்த ஆறு அங்குலக் குழாய்க்குள்ளேயே சுற்றும். எந்த ஆப்பும் இதைச் சொல்லாது, கையால்தான் திருப்ப வேண்டும்.