நியூரோஃபீட்பேக்கா, மூச்சுப் பயிற்சியா: எதில் தொடங்குவது?

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கும்போது யாழ்ப்பாணத்துப் பெற்றார் கேட்கிற கேள்விகளில் இப்போது இதுவும் ஒன்று: "பிள்ளை ஒரு இடத்தில் இருக்கிறானில்லை, இந்த நியூரோஃபீட்பேக் என்கிற மூளைப் பயிற்சி நல்லதோ?" இரவில் நித்திரை வராத பெரியவர்களும் இதையே கேட்கிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில் சொல்ல ஏலாது.

நியூரோஃபீட்பேக்கில் நடப்பது இதுதான். மூளையின் மின் அலைகளைப் பிடிக்க உச்சந்தலையில் பசை தடவி ஒரு மின்வாய் ஒட்டுவார்கள், காதுகளில் இரண்டு. திரையில் ஒரு படம் ஓடும். விநாடிக்கு 4 முதல் 8 வரை துடிக்கும் மெதுவான தீட்டா அலை கூடினால் படம் மங்கும். அது குறைந்து, வேகமான பீட்டா அலை கூடினால் தெளியும். எப்படித் தெளிய வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. படம் தெளிந்த கணத்தில் தான் இருந்த நிலையை மூளை மெல்ல மெல்லப் பிடித்துக்கொள்கிறது. பாட்டு வகுப்பில் சுருதிப்பெட்டியோடு பாடிப் பாடிக் குரல் சேருவது போல.

இது வெறும் கதையில்லை. 1960களில் அமெரிக்காவில் பாரி ஸ்டேர்மன் பூனைகளுக்குப் பால் பரிசாகக் கொடுத்து, விநாடிக்கு 12 முதல் 15 வரை துடிக்கும் மூளை அலையைக் கூட்டப் பழக்கினார். பிறகு ரொக்கெட் எரிபொருளின் நச்சைச் சோதித்தபோது, பழகிய பூனைகளுக்கு வலிப்பு வரத் தாமதமானது. வைத்தியரை நம்பிக் குணமாகப் பூனைக்குத் தெரியாது. எனக்கு அந்தச் சோதனை பிடிப்பதே அதனால்தான்.

பிள்ளைகளிடம் வரும்போது கணக்கு மாறுகிறது. கவனக்குறைவும் மிகை இயக்கமும் உள்ள, 7 முதல் 10 வயது வரையான 140க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்வு 2021இல் வெளியானது. ஒரு பகுதிக்கு உண்மையான பயிற்சி, மற்றப் பகுதிக்கு முன்பே பதிந்த அலைகளை ஓட்டிய போலிப் பயிற்சி. இரு பகுதியும் நன்றாகவே முன்னேறின, குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க, நேரத்துக்கு வந்து, அமைதியாக உட்கார்ந்து பழகியதே பாதி வேலையைச் செய்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செலவையும் பாருங்கள். வழக்கமாக 30, 40 அமர்வுகள். வாரத்துக்கு இரண்டு என்றாலும் நான்கு மாதம். கொழும்பில் செய்வதென்றால் ஒரு வழிக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். உள்ளூரில் கிடைத்தாலும் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு போகக்கூடாது, மின்வாய் பிடிக்காது. வைகாசி வெயிலில் வியர்வையே ஒரு போலி அலையைக் கிளப்பும்.

அப்புறம் வெளிநாட்டு உறவினர் அனுப்பும், மூளை அலையைப் பிடிக்கும் தலைப்பட்டிகள். ரொறன்ரோவில் உருவான மியூஸ் இவற்றில் பேர்போனது. மனம் அலைந்தால் காதில் புயல் ஓசை, அடங்கினால் குருவிச் சத்தம். நல்ல விளையாட்டு. ஆனால் நெற்றியில் படும் மின்வாய்க்கு நெற்றியைச் சுருக்குவதும் பல்லைக் கடிப்பதும்கூட அலைதான். தியானம் பழக ஒரு சாட்டாக வைத்துக்கொள்ளலாம், சிகிச்சை என்று நம்ப வேண்டாம்.

மூச்சுக்கு வருவோம். நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே: நிமிடத்துக்கு ஆறு மூச்சு. உள்ளே இழுக்கும்போது இதயம் வேகமெடுக்கும், விடும்போது தணியும். இந்த வேகத்தில் மூச்சின் தாளமும் இரத்த அழுத்தத்தைச் சரிசெய்யும் தாளமும் ஒன்றுசேர்வதால் அந்த ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாகிறது. விரலில் மாட்டும் சிறு கருவி அதைத் திரையில் அலையாகக் காட்டும். கருவி இல்லாவிட்டால் மணிக்கட்டில் விரல் வைத்தாலே தெரியும். பதற்றத்துக்கு இது உதவும் என்பதற்கு ஆதாரம் உண்டு.

2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள், செபமாலையும் மந்திர உச்சாடனமும் மூச்சை ஏறத்தாழ இதே ஆறுக்குக் கொண்டுவருவதாகக் காட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் போரால் கலங்கியவர்களுக்குப் பிராணாயாமமும், உடலைத் தளர்த்தும் சாந்தியாசனமும், அவரவர் சமயத்துக்கேற்ற செபமும் சொல்லிக்கொடுத்தவர். சைவருக்கு மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை. மின்வெட்டிலும் வேலை செய்யும், காசும் வேண்டாம்.

என் தீர்ப்பு: பெரியவர்களின் பதற்றத்துக்கும் நித்திரைக் குறைவுக்கும் மூச்சு, தினம் இருபது நிமிடம், இரண்டு மாதமாவது. பிள்ளைக்கு முதலில் போதனா வைத்தியசாலையிலோ தெல்லிப்பழையிலோ உளநலப் பிரிவில் காட்டுங்கள், கட்டணம் இல்லை. பெற்றாருக்கான நடத்தைப் பயிற்சி, தேவைப்பட்டால் மெதில்பெனிடேற் போன்ற மருந்து, இவற்றுக்குத்தான் ஆதாரம் பலமானது. வலிப்பு மாத்திரையை எந்தப் பயிற்சிக்காகவும் நிறுத்தக்கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு நியூரோஃபீட்பேக்கில் காசு போடத்தான் போகிறீர்கள் என்றால், சரி, முன்பணம் கொடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். தசை அசைவால் வரும் அலையை எப்படிப் பிரித்தெடுக்கிறீர்கள்? திரை இல்லாமல், கொப்பியும் கையுமாகப் பிள்ளை அதே நிலைக்கு வரப் பழக்குவது எத்தனையாவது அமர்வில்? இரண்டாவதுக்குப் பதில் இல்லாத இடத்தில் பிள்ளை பழகுவது திரையைப் பார்க்க மட்டும்தான்.