சாதாரண ப்ளையை மரைன் ப்ளை என்று முத்திரை குத்தி விற்கிறார்கள்: மும்பையில் படகு கட்டுபவர்கள் கவனிக்க

மும்பையில் மரைன் ப்ளைவுட் (தண்ணீர் பட்டாலும் அடுக்கு பிரியாத ஒட்டுப்பலகை) வாங்கப் போகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுப் போங்கள். படகுக்குத்தான் என்றில்லை, சமையலறை அலமாரிக்கு வாங்கினாலும் சரி.

வசாய் கழிமுகத்தில் ஓட்டுவதற்காக நானும் என் மனைவியும் ஒரு சின்ன மோட்டார் படகு கட்டுகிறோம். 18 அடி நீளம், இரண்டு பேர் படுக்கிற அளவுக்கு ஒரு கேபின், பின்னால் அவுட்போர்டு மோட்டார். வரைபடம் முழுக்க அவள் போட்டது. பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் எபாக்சிப் பசையும் ஃபைபர் கிளாஸ் நாடாவும் போட்டு இறுக்குகிற முறை. பக்கங்களுக்கு 6 மி.மீ., அடிப்பாகத்துக்கு 9 மி.மீ. பலகை. உள்ளே சட்டங்கள் குறைவு என்பதால் பாரம் முழுவதையும் தாங்குவது இந்தப் பலகைதான்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். “அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரருக்குப் போய் மட்டமான சரக்கு குடுப்பேனா? ஐஎஸ் 710, முத்திரையைப் பாத்துக்கோங்க” என்றார். மரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்தான் ஐஎஸ் 710. எல்லாப் பலகையிலும் ஐஎஸ்ஐ முத்திரை இருந்தது. மரைன் ப்ளைக்கு உண்டான விலையைத்தான் வாங்கினார். பில்லில் மட்டும் ‘ப்ளைவுட் 8க்கு 4’ என்றே எழுதினார். கிரேடைச் சேர்த்து எழுதச் சொன்னதற்கு, கம்ப்யூட்டரில் அப்படித்தான் வரும் என்றுவிட்டார்.

படகின் முன்முனையான அணியத்தில் பலகை வளைவதோடு முறுக்கவும் வேண்டும். அங்கே கம்பியை இறுக்கும்போதே மேல் வெனீர் (மெல்லிய மர அடுக்கு) படீரென்று வெடித்தது. அறுத்துப் பார்த்தால் நடு அடுக்குகளில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அலமாரியில் அது வெளியே தெரியாது. படகில் அந்த இடம்தான் முதலில் உடையும். எபாக்சியில் ஒரு கீறல் விழுந்தால் போதும், தண்ணீர் அந்தப் பொந்தில் போய்த் தங்கி மரத்தை உள்ளிருந்தே மக்க வைக்கும்.

அப்புறம் ஒரு துண்டை வேகவைத்தோம். ஐஎஸ் 710 பலகை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் அடுக்கு பிரியக்கூடாது. அதற்காகத்தான் ஃபீனால் ஃபார்மால்டிஹைட் பசை போடுகிறார்கள். எங்கள் துண்டு அன்று சாயங்காலமே ஏடு ஏடாகப் பிரிந்துவிட்டது. கொதிநீரில் இப்படி இளகுவது வீட்டுக்குள் போடும் சாதாரண ப்ளைக்குப் பயன்படுத்துகிற யூரியா பசை.

முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் தரும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) நடத்தும் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் எந்தத் தயாரிப்பாளர், எந்தத் தரத்துக்கு உரிமம் என்று வந்துவிடும். எங்கள் பலகையில் இருந்த எண் ஐஎஸ் 303க்கு, அதாவது சாதாரண ப்ளைவுட்டுக்கு வாங்கியது. ஒரு பலகையில் தவறுதலாக விழுந்த மை இல்லை இது, எல்லாப் பலகையிலும் அதேதான்.

திரும்பப் போய்க் கேட்டால், “வேகவெச்சா எந்தப் பலகை தாங்கும்? அறுத்த சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம்” என்றார். அந்த ‘அண்ணாச்சி’ எல்லாம் அன்றைக்கு இல்லை. பணம் போனதைவிட எனக்கு ஆறாதது வேறு. இது தெரியாமலே கட்டி முடித்திருந்தால், என் மனைவியை ஏற்றிக்கொண்டு அலைக்குள் போயிருப்பேன்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம். முத்திரை மோசடி என்பதால் பிஐஎஸ்ஸுக்கும் தனியாக எழுதியிருக்கிறோம். 2016ஆம் ஆண்டு பிஐஎஸ் சட்டப்படி இதற்குச் சிறைத் தண்டனை வரை உண்டு.

நீங்கள் வாங்கும்போது உரிம எண்ணைக் கடையில் நின்றபடியே செயலியில் பாருங்கள். பில்லில் ‘ஐஎஸ் 710’ என்று எழுதித் தராத கடையில் பணம் கட்டாதீர்கள். முதலில் ஒரே ஒரு பலகை வாங்கி, துண்டு வெட்டி வேகவைத்துப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால், முத்திரை விழுந்த பகுதியை அறுக்காமல் அப்படியே எடுத்து வையுங்கள். புகாருக்கு அதுதான் சாட்சி.