எஸ்.ஆர். (ஸ்ட்ரெஸ் ரிலீவிங்) போட வெளியே கொடுப்பவர்கள் கவனத்துக்கு: சார்ட்டை நம்பி ஒரு டியூப் ஷீட் போச்சு

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஃபேப்ரிகேஷன் ஷாப் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். வெல்டிங்கில் உலோகத்துக்குள் தங்கிப்போகும் ஸ்ட்ரெஸ் இறங்க, ஜாப்பை ஃபர்னஸில் வைத்துச் சூடாக்குவதுதான் எஸ்.ஆர். அந்தச் சூட்டையும் நேரத்தையும் கோடாகப் பதிவு செய்து தரும் தாள்தான் சார்ட். ஃபர்னஸ்காரர் யார் என்று பெயர் சொல்லப் போவதில்லை. பணம் சம்பந்தமாக இன்னும் பேச்சு நடக்கிறது.

ஒரு ரசாயன ஆலைக்கு ஹீட் எக்ஸ்சேஞ்சர் டியூப் ஷீட், அதாவது டியூப்களின் முனைகளைப் பிடித்து நிறுத்தும் துளை போட்ட பிளேட், செய்துகொண்டிருந்தோம். 40 மி.மீ. கார்பன் ஸ்டீல் பிளேட். அமிலம் படுகிற பக்கம் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஓவர்லே, அதாவது வெல்டிங்கிலேயே போடும் மேல் லேயர்: முதல் லேயர் 309எல் கிரேடு, அதன் மேல் 316எல். என் வெல்டர் ஒன்பது நாள் குனிந்து உட்கார்ந்து போட்ட வேலை. ஓவர்லே முடிந்ததும் 610 டிகிரியில் எஸ்.ஆர். என்று டிராயிங்கிலேயே இருந்தது. என்னைப் போன்ற சின்ன ஷாப்புக்குச் சொந்த ஃபர்னஸ் கட்டுப்படியாகாது, அதனால் வெளியே கொடுத்தேன்.

சோக்கிங், அதாவது அந்தச் சூட்டிலேயே நிறுத்தி வைக்கும் நேரம், அதன் கணக்கு தெரிந்ததுதான். சாதா கார்பன் ஸ்டீலுக்கு 50 மி.மீ. வரை ஒவ்வொரு 25 மி.மீ.க்கும் ஒரு மணி நேரம். 40 மி.மீ.க்கு 96 நிமிடம். எங்கள் வெல்டிங் ப்ரொசீஜருக்கு (வெல்டிங் முறையை எழுதி வைத்த தாள்) ஒப்புதல், 2 மணி நேரம் சோக் செய்த டெஸ்ட் பீஸை வைத்து வாங்கியது. அந்த நேரத்தில் கால் பங்கு கூடிவிட்டால் ப்ரொசீஜர் செல்லாது, புதிதாக டெஸ்ட் எடுக்க வேண்டும். அதாவது இந்த வேலையில் நேரத்துக்குக் கீழே மட்டுமல்ல, மேலேயும் ஒரு கோடு இருக்கிறது. ஃபர்னஸ் வைத்திருப்பவர்களில் சிலருக்கு இந்த மேல்கோடு மண்டையில் ஏறுவதே இல்லை.

மத்தியானம் லோடு இறக்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். அதே பிளேட்டில், அதே வெல்டிங் ராடில் ஓவர்லே போட்ட ஒரு சாம்பிள் துண்டையும் டியூப் ஷீட் மேலேயே கட்டி அனுப்பியிருந்தேன். மறுநாள் சாயங்காலம் எடுக்கப் போனபோது ஃபர்னஸ் டிராலியில் எங்கள் ஜாப்புக்குப் பக்கத்தில் வேறு யாருடையதோ 100 மி.மீ. தடிமனில் ஒரு உருப்படி. வெள்ளை பெயின்டில் பெரிதாக 'பி22' என்று எழுதியிருந்தது. "அது அடுத்த லோடு சார், இப்பதான் ஏத்துனோம்" என்றார் முதலாளி. எங்கள் ஜாப்பும் கை வைக்க முடியாத சூடு, அதுவும் கை வைக்க முடியாத சூடு. இன்னும் ஃபர்னஸுக்குள் போகாதது எப்படிச் சுடும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. சார்ட்டைக் கொடுத்தார். 610 டிகிரி, 1 மணி 40 நிமிடம், நாலு கலரில் நாலு கோடு, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் அழகாக. கூடவே ஆற்காட்டு மக்கன் பேடா ஒரு டப்பா. வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஷாப்பில் கிளீன் செய்யும்போதுதான் என் ஃபிட்டர் கேட்டார், "தெர்மோகப்பிள் எங்கண்ணே ஒட்டுனாங்க?" தெர்மோகப்பிள் என்பது ஜாப்பின் சூட்டை அளந்து சார்ட்டுக்கு அனுப்பும் கம்பி. அதை ஜாப்பில் ஒட்டி எடுத்தால் மிளகு அளவுக்காவது ஒரு புள்ளி நிற்கும், இல்லை கிரைண்டர் பட்ட பளபளப்பாவது இருக்கும். டார்ச் அடித்து முன்னும் பின்னும் விளிம்பும் பார்த்தோம். ஒரு புள்ளி இல்லை. வேலூரைப் பற்றிச் சொல்வார்களே, நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில் என்று. சாமி 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். காலியான அந்த இடத்துக்குத் தெர்மோகப்பிள் இல்லா சார்ட் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

சாம்பிளைச் சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினேன். எஸ்.ஆர். போடாத இன்னொரு துண்டும் கையில் இருந்தது, அதையும் சேர்த்தே அனுப்பினேன். அமிலம் உள்ளே இறங்குமா என்று பார்க்கும் டெஸ்ட் இது: காப்பர் சல்பேட், கந்தக அமிலக் கரைசலில் செம்புத் துண்டுகளோடு 15 மணி நேரம் கொதிக்கவைத்து, பிறகு வளைத்துப் பார்ப்பார்கள். எஸ்.ஆர். போடாதது வழுவழுப்பாக வளைந்தது. ஃபர்னஸுக்குப் போய் வந்ததில், வளைவின் முதுகு முழுக்க ஆற்று வண்டல் காய்ந்து வெடித்த மாதிரி கீறல்.

ஃபர்னஸ் முதலாளியை நேரில் பிடித்ததும் உண்மை வந்தது. இரண்டையும் ஒரே லோடில் போட்டிருக்கிறார், கேஸ் மிச்சம். பி22 குரோம்-மாலி ஸ்டீல், அதற்குக் குறைந்தது 675 டிகிரி வேண்டும், 100 மி.மீ.க்கு 4 மணி நேரம். நாலு தெர்மோகப்பிளும் அதன் மேல்தான். எங்கள் ஜாப் 690 டிகிரியில் நாலு மணி நேரம் சும்மா கூடவே வெந்திருக்கிறது. என் கையில் கொடுத்த 610 டிகிரி சார்ட் எங்கள் ஜாப்புடையதே இல்லை. "கூட வெந்தா என்ன சார், ஸ்ட்ரெஸ் இன்னும் நல்லாப் போயிடும்" என்றார்.

வெறும் கார்பன் ஸ்டீலுக்கே அந்தப் பேச்சு முழுசாக ஒத்துவராது, நேரம் ஏற ஏற பலம் இறங்கும். ஸ்டெயின்லெஸ் கதை இன்னும் மோசம். சுமார் 425-லிருந்து 850 டிகிரிக்குள் நிறுத்தி வைத்தால் அதிலுள்ள கார்பன் குரோமியத்தைப் பிடித்து, உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளின் (கிரெய்ன்) விளிம்புகளில் கார்பைடாகப் படியும். விளிம்பை ஒட்டிக் குரோமியம் வற்றிப்போகும், அமிலம் அந்த வழியாக உள்ளே இறங்கும். ராடு 'எல்' கிரேடுதான், கார்பன் குறைவுதான். ஆனால் அடியில் உள்ள பிளேட் உருகிக் கலக்கும்போது அங்கிருந்து கார்பன் மேலே வரும். 610 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தை அந்த ஓவர்லே தாங்கும். 690-ல் நாலு மணி நேரத்தைத் தாங்கவில்லை.

ஓவர்லேயைக் கடைந்தெடுத்துவிட்டு மறுபடி போடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். பார்ட்டியின் இன்ஸ்பெக்டர் தலையாட்டவில்லை. எஸ்.ஆர். நேரமெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கூட்டித்தான் கணக்கு, இந்த பிளேட்டின் டெஸ்ட் சர்ட்டிபிகேட் அவ்வளவு வெப்பத்துக்கு எடுத்ததல்ல என்றார். நியாயம்தான். புது பிளேட், புது ராடு, மறுபடி ஒன்பது நாள், தாமதத்துக்கு அபராதம் வேறு. என் கையை விட்டுப் போனது ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

இரண்டாவது ஜாப்பை வேறு இடத்தில் கொடுத்தேன். தெர்மோகப்பிள் ஒட்டுகிறவரைக்கும் பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு புள்ளியையும் போனில் படம் எடுத்தேன். ரெக்கார்டர் நம்பரைக் குறித்துக்கொண்டேன், லோடில் வேறு யார் ஜாப் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்கினேன். ராத்திரி டிபனை அங்கேயே முடித்துக்கொண்டு சோக்கிங் முடிகிறவரை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்த ஃபர்னஸ் ஆபரேட்டர் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

பழைய ஆள் போன வாரம் வாட்ஸப்பில் வந்தார். நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த ஜாப்புக்கு எஸ்.ஆர். இலவசமாகப் போட்டுத் தருகிறாராம்.